கல்லுமேட்டுக்கு ஏறாத தண்ணீர்

என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

அவ்வளவுதான் நடந்தது. பேரூராட்சிக் கூட்ட அறையின் மூலையில், ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கையிலிருந்த டீ சிந்தாமல், மரியாதையாக ஒரு தரம் தலையாட்டினார். எங்கள் வார்டுக்கு வரவேண்டிய தண்ணீர் அந்தத் தலையாட்டலில் போயிற்று.

நான் அவருக்கு எதிரே, கவுன்சிலர்கள் உட்காரும் நீள மேசையில் இருந்தேன். எனக்கு முன்னால் 'சாந்தி, வார்டு உறுப்பினர்' என்று எழுதிய பலகை இருந்தது. அதை எடுத்து அவர் மேலேயே வீசலாமா என்று தோன்றியது. பொய் சொல்லவில்லை, கை பலகை மேல் போய்விட்டது.

எழுத்தர் அஜெண்டாவை வழக்கம்போல எக்ஸ்பிரஸ் வேகத்தில் படித்துக்கொண்டு வந்தார். சாக்கடை தூர் வாருவது, தெருவிளக்குக்கு பல்பு வாங்குவது, எல்லாம் ஓடியது. அப்புறம், பொது நிதியிலிருந்து பேருந்து நிலைய முகப்பை அழகுபடுத்தும் பணி. அதாவது, ஆளுயர ஆங்கில எழுத்துகளில் ஊர்ப் பெயர், 'ஐ லவ்' என்று முன்னால், நடுவில் சிவப்பாக ஒரு இதயம், ராத்திரியில் எரிகிற கலர் விளக்கு, எதிரே ஒரு நீரூற்று. ஜனங்கள் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வதற்காக.

படித்து முடித்ததும் சேர்மன் மேசைப் பக்கம் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தார்.

"என்னங்க முருகேசன், ஆட்சேபணை ஒண்ணும் இல்லீங்களே?"

அதற்குத்தான் என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அந்த நிதியில் ஒரு பெரிய வேலைக்குத்தான் இடமிருக்கிறது, கல்லுமேட்டுக்குக் குழாயும் மோட்டாரும் போட்டால் எழுத்து கிடையாது, எழுத்து வைத்தால் குழாய் கிடையாது என்று செயல் அலுவலர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். அதை நான் வீட்டில் சோறு போடும்போது சொல்லியிருந்தேன். தெரிந்தே ஆட்டினார்.

இந்தத் தொடரில் இதுவரை அவரைப் பற்றி நல்லதாகவே எழுதி வந்திருக்கிறேன். 'உங்கள் வீட்டுக்காரர் தங்கமானவர் போலிருக்கிறதே' என்று சில வாசகிகள் கடிதம்கூடப் போட்டிருந்தார்கள். தங்கம்தான். இந்த வாரம் அந்தத் தங்கத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூலையில் நடந்த மன்றம்

எங்கள் பேரூராட்சி மன்றத்தில் பாதிக்கு மேல் பெண்கள். கேட்க நன்றாக இருக்கும். விருந்தாளிகள் யாராவது வந்தால் சேர்மன் இதைத்தான் முதலில் சொல்வார்.

அந்தப் பெண்களோடு வீட்டுக்காரர்களும் வருவார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். ஆரம்பத்தில் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசல் டீக்கடையில் நின்றார்கள். பிறகு வராந்தாவுக்கு வந்தார்கள். ஒரு கூட்டத்தன்று நல்ல மழை. "ஏனுங்க நனைஞ்சிக்கிட்டு, உள்ள வாங்க" என்று சேர்மன் கூப்பிட்டு மூலையில் உட்கார வைத்தார். மழை விட்டது. அவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

அதற்கப்புறம் அந்த நாற்காலிகள் அங்கேயே நிரந்தரமாகிவிட்டன. டீயும் போண்டாவும் முதலில் மூலைக்குப் போகும், மேசைக்கு ஆறிப்போய் வரும். ஒவ்வொரு பொருளும் படிக்கப்பட்டதும் சேர்மன் மூலையைப் பார்ப்பார், மூலை தலையாட்டும், மேசை கையெழுத்துப் போடும். நாங்கள் கவுன்சிலர்கள் இல்லை, கையெழுத்துப் போடுவதற்குக் கூலிக்குப் பிடித்த ஆட்கள்.

முதல் கூட்டத்திலேயே எங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று எழுந்து நின்று கேட்டேன். "நீங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கம்மா, அவரு எங்கிட்ட பேசிக்குவாரு" என்றார் சேர்மன். சுற்றிலும் சிரித்தார்கள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

எனக்கு வாய் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் ஜாக்கெட் தைக்கிறவள். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, இந்தத் தீபாவளிக்குள் உடம்பு பெருத்துவிட்டு, தையல் சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களை எல்லாம் பதில் பேச முடியாமல் அனுப்பி வைத்திருக்கிறேன். அரூர் பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டரை வழியெல்லாம் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கூட்ட அறைக்குள் போனால் என் குரல் எங்கே போகுமோ தெரியாது.

ஆபீசில் எழுதி ஒட்டியிருக்கும் கவுன்சிலர்கள் போன் நம்பரில் என் பெயருக்கு நேரே இருப்பதும் அவர் நம்பர்தான். யாராவது கூப்பிட்டு "கவுன்சிலருங்களா?" என்றால், "ஆமாங்க, சொல்லுங்க" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் நான் யாராம்?

பருப்பு வேகாத ஊர்

கல்லுமேடு என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். அங்கே யார் இருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் எல்லாமே அங்கே கடைசியாக வரும், சிலது வரவே வராது.

ஆண்களில் பாதிப் பேர் மொரப்பூரில் ரயிலேறி திருப்பூர் போகிறவர்கள். பெண்கள் மரவள்ளிக் காட்டுக்கும் மஞ்சள் காட்டுக்கும் கூலிக்குப் போகிறவர்கள். நாங்கள் குடிப்பது போர்வெல் தண்ணீர். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அதில் பருப்பு வேகாது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு பருப்பாகவே கிடக்கும். குண்டானின் அடியில் சுண்ணாம்பு அடித்தது போலப் படிந்திருக்கும். தலைக்கு ஊற்றினால் சோப்பு நுரைக்காது.

இதெல்லாம் போகட்டும். ஃபுளோரைடு கலந்த அந்தத் தண்ணீர் பல்லைத் தின்றுவிடும். முதலில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக வரும், பிறகு மஞ்சள், பிறகு பழுப்புக் கோடு. எத்தனை தேய்த்தாலும் போகாது. தேய்த்துத் தேய்த்து ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம் என்று அழுத பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். என் பல்லும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் பல்லும் அப்படித்தான். எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது, "ரெண்டு பேருக்கும் பல்லே பொருந்திப் போச்சு, ஜாதகம் எதுக்கு?" என்று என் மாமா கிண்டலடித்தார். எல்லாரும் சிரித்தோம். இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

பல்லோடு நின்றால் பரவாயில்லை. வயதானால் எலும்புக்கும் போகும். பக்கத்து வீட்டு ரேவதியின் அப்பா கீழே உட்கார்ந்தால் இரண்டு பேர் பிடித்துத் தூக்கித்தான் எழுப்ப வேண்டும்.

ஆற்றுத் தண்ணீர்த் திட்டம் வந்தபோது எங்கள் ஊருக்கே விடிவு வந்துவிட்டது என்று இருந்தோம். ஒகேனக்கல் தண்ணீர், வீட்டு வாசலில் குழாய். ரோட்டைத் தோண்டினார்கள், நீலக் குழாயை இறக்கினார்கள். குழாய் கடைவீதி வந்தது, பள்ளத்தெரு வந்தது, பள்ளத்தெரு முடிகிற பாலத்துக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நாங்கள்.

ஏன் என்று கேட்டால், மேடாம். தண்ணீர் ஏறாதாம். மோட்டார் வேண்டுமாம், தொட்டி வேண்டுமாம். எங்கள் மேட்டுக்கு செல்போன் டவர் ஏறியது. கேபிள் ஏறியது. ஓட்டுக் கேட்க மைக் கட்டிய ஆட்டோ ஒரு நாளைக்குப் பத்துத் தரம் ஏறியது. தண்ணீர் மட்டும் ஏறாதாம்! யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

வசதி இருப்பவர்கள் கேன் தண்ணீர் வாங்குகிறோம். கவுன்சிலர் வீடு, நானும் வாங்குகிறேன். கூலிக்குப் போகிற வீட்டில் கேன் வாங்கிக் குடி என்று எந்த வாயால் சொல்வது?

நான் ஜெயித்த வருஷம், கல்லுமேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பல் டாக்டர் ஒருவர் முகாமுக்கு வந்தார். சின்ன வயதுப் பெண். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், பாதியிலேயே டார்ச்சை அணைத்துவிட்டார். ஒவ்வொரு வாயாகப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

ரேவதியின் பெரிய பெண் யாழினி அப்போது நாலாம் வகுப்பு. இடுப்பில் தங்கை பவியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "டாக்டர், எனக்கு மாத்திரை குடுங்க, வெள்ளையாவறதுக்கு" என்று கேட்டாள். அதற்கு மாத்திரை இல்லை என்று டாக்டர் அவளிடம் சொல்லவில்லை. தலையைத் தடவி அனுப்பிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெரிய பிள்ளைகளுக்கு வந்தது வந்ததுதாங்க. பால்பல் இருக்கிற சின்னதுகளைத்தான் காப்பாத்த முடியும். பெரிய பல்லு இப்பவே உள்ள உருவாகிட்டு இருக்கும். இந்த வயசுல நல்ல தண்ணி குடிச்சா நல்ல பல்லு வரும். தள்ளிப் போடாதீங்க."

தள்ளிப் போடாதீங்க. இந்த ஒரு சொல்லைத்தான் கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்துக்கொண்டு போனேன். பவிக்கு அப்போது மூன்று வயதுகூட முடியவில்லை.

'உட்காருங்கம்மா'

அன்றைக்கு வருகிறேன். வீட்டுக்காரர் தலையாட்டினாரா, எழுத்தர் அடுத்த பொருளுக்குத் தாவினாரா, நான் எழுந்துவிட்டேன்.

"எனக்கு ஆட்சேபணை இருக்குதுங்க."

சேர்மன் என்னைப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார். "அதான் முருகேசன் சரின்னுட்டாரேம்மா."

"அவரு எந்த வார்டுங்க?"

யாரோ போண்டாவைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"உட்காருங்கம்மா, வூட்ல பேசிக்கலாம்" என்றார் சேர்மன், சிரித்துக்கொண்டே.

"வூட்ல பேசறதுக்கு ஆபீஸ் எதுக்குங்க? கல்லுமேட்டு ஜனம் ஓட்டுப் போட்டது எனக்கு. குழாயா, எழுத்தான்னு கேட்டா நான்தான் சொல்லணும். எங்க புள்ளைங்க வாயப் பாத்திருக்கீங்களா நீங்க? ஒரு நாளாவது மேட்டுக்கு வந்து பாத்திருக்கீங்களா? ஓட்டுக்கு வந்ததோட சரி!"

இன்னும் நிறையப் பேசினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் பேசினேன். கடைசியில் செயல் அலுவலர் குறுக்கே வந்து, உறுப்பினரே எதிர்ப்புச் சொன்னதால் இதை அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு விடலாம் என்றார். சேர்மனின் சிரிப்பு அப்போதுதான் போயிற்று.

வீட்டில் நடந்த கூட்டம்

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? இல்லைங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வராதா?"

அவர் டூவீலர் மெக்கானிக். கோபம் வந்தால் பேச மாட்டார், கையில் எண்ணெய் இல்லாவிட்டாலும் துணியெடுத்துத் துடைத்துக்கொண்டிருப்பார். அன்றைக்கும் துடைத்தார்.

"கொஞ்சம் பொறுமையாத்தான் கேளேன் சாந்தி. இப்ப அவருக்கு நாம விட்டுக் குடுத்தா, அடுத்த வாட்டி நமக்குக் குழாய் குடுப்பாரு. எங்கிட்ட சொல்லியிருக்காரு. சும்மா முட்டிக்கிட்டு நின்னா எதுவும் நடக்காது."

"எப்பச் சொன்னாரு?"

"டீக்கடையில."

டீக்கடையில்! எங்கள் வார்டின் தண்ணீர் டீக்கடையில் பேசி முடிந்துவிட்டது, எனக்குச் சொல்லவில்லை. வந்த ஆத்திரத்தில் அடுப்பில் இருந்த பாலைப் பொங்க விட்டுவிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் கத்திவிட்டுப் போய்விடலாம். இவர் உண்மையாகவே நம்பினார். பெரிய மனிதர்களிடம் பணிந்து போனால் அவர்கள் மனம் இரங்கி ஏதாவது செய்வார்கள் என்று எங்கள் மேட்டில் எத்தனையோ பேர் நம்பி நம்பித்தான் இந்தக் கதி.

"அடுத்த கூட்டத்துக்கு நீங்க வரக்கூடாது" என்றேன். "நீங்க மட்டுமில்ல, அந்த மூலையில ஒருத்தரும் இருக்கக்கூடாது."

"மத்தவங்க கேப்பாங்களா?"

"கேக்க வெக்கிறேன்."

கதவு சாத்திய பிறகு

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இந்த ஆம்பளைகள் மட்டும் அறையை விட்டுப் போய்விட்டால் போதும், பெண்கள் எல்லாரும் என் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தேன். தண்ணீர்க் கஷ்டம் தெரியாத பெண் உண்டா? குடம் தூக்காத இடுப்பு உண்டா? இதை நம்பி வீடு வீடாகப் போனேன். எல்லாரும் காபி கொடுத்தார்கள். எல்லாரும் "ஆமாங்கக்கா, நீங்க சொல்றது நாயந்தாங்க" என்றார்கள்.

பள்ளத்தெரு வார்டு மல்லிகாவை மட்டும் நான் போய்க் கேட்கவே இல்லை. மல்லிகா என் சிநேகிதி. என்னிடம்தான் ஜாக்கெட் தைப்பாள், கூட்டத்தில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். அவளிடம் போய் ஓட்டுக் கேட்பதா?

கூட்டத்தன்று நான் சீக்கிரமே போய், உறுப்பினர் அல்லாதவர்கள் உள்ளே இருந்து விவாதத்தில் கலந்துகொள்ளலாமா என்று செயல் அலுவலரிடம் எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூடாதுதான் என்று ஒப்புக்கொண்டார். மூலை நாற்காலிகள் காலியாயின. வீட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்கள். ஒருத்தர் போகிற போக்கில் போண்டாத் தட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

கதவைச் சாத்தினார்கள். இத்தனை நாளில் முதல் தரமாக அந்த அறையில் உறுப்பினர்கள் மட்டும் இருந்தோம். எனக்கு ஒரே சந்தோஷம்.

"பேருந்து நிலைய முகப்புப் பணிக்கு ஆதரவா இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் சேர்மன்.

ஆண் உறுப்பினர்கள் தூக்கினார்கள். எதிர்பார்த்ததுதான். பிறகு ஒரு வளையல் கை ஏறியது. இன்னொரு வளையல் கை. காபி கொடுத்தவர்கள், நியாயம் என்றவர்கள், ஒவ்வொருவராக, என் முகத்தைப் பார்க்காமல். ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கே ஜன்னலுக்கு வெளியே அவள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கதவைச் சாத்திய மகராசி நான், ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன்.

என் பக்கத்தில் மல்லிகாவின் கையும் மேலே இருந்தது. அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

"எதிர்ப்பு?"

என் கை மட்டும்.

வெளியே வந்ததும் மல்லிகாவின் முந்தானையைப் பிடித்து நிறுத்தினேன். "ஏண்டி, உனக்கு என்னடி கேடு வந்துச்சு? உன் வூட்டுக்காரன் சொன்னானா?"

"அவரு ஒண்ணும் சொல்லலீங்கக்கா. நானாத்தான் தூக்கினேன்." அவள் குரலும் ஏறியது. "உங்க மேட்டுக்கு மோட்டார் வெச்சி ஏத்துனா எங்க கொழாயில காத்துதான் வரும். இப்பவே வாரத்துல ரெண்டு நாளுதான் வருது. அதுவும் போச்சுன்னா எங்க தெருப் பொம்பளைங்க என்னை சும்மா விடுவாங்களா? உங்களுக்கு உங்க வார்டு, எனக்கு என் வார்டு. நீங்க என் எடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க பாக்கலாம்?"

வாங்கு வாங்கென்று வாங்குகிற என் வாய் மூடிக்கொண்டது.

"யாரு சொன்னா, கொழாயில காத்து வரும்னு?" என்று மட்டும் கேட்டேன்.

"சேர்மன்தான் தெருவுக்கு வந்து சொன்னாரு. எல்லா வூட்லயும் சொல்லிட்டுப் போனாரு."

ஓட்டுக் கேட்டதற்கப்புறம் எங்கள் மேட்டுக்கு ஒரு நாள்கூட வராத மனிதர் பள்ளத்தெருவில் வீடு வீடாகப் போயிருக்கிறார். திரும்ப ஆபீசுக்குள் போய்ச் செயல் அலுவலரிடம் கேட்டேன். ஊருக்கு வருகிற தண்ணீரின் அளவையே கூட்டித் தரச் சொல்லி மேலே கேட்க முடியாதா என்றேன். "கேக்கலாம்மா. ஆளுங்க பெருகியிருக்காங்கன்னு மன்றத்துல தீர்மானம் போட்டு அனுப்பணும்" என்றார். ஏன் அனுப்பவில்லை? "சேர்மன் அதை அஜெண்டாவுல வெக்கலீங்களே."

இருக்கிற ஒரு குடம் தண்ணீரைக் காட்டி மல்லிகாவையும் என்னையும் ஒருத்தி முடியை ஒருத்தி பிடிக்க வைத்துவிட்டு, இன்னொரு குடம் கேட்க வேண்டிய ஆள் விளக்குப் போட்ட எழுத்து வாங்கப் போய்விட்டார். எங்களைப் பிரிக்க எந்த வீட்டுக்காரரும் தேவைப்படவில்லை.

வாசலில் என் வீட்டுக்காரர் வண்டியோடு நின்றார். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பாலம் தாண்டி மேடு ஏறும்போது, "நான் அன்னிக்குத் தலையாட்டியிருக்கக்கூடாது" என்றார்.

"நீங்க ஆட்டலைன்னாலும் இதுதாங்க நடந்திருக்கும்" என்றேன். "அதுதான் எனக்கு வயிறு எரியுது."

ஐ லவ் எங்கள் ஊர்

எழுத்து வந்துவிட்டது. குழாய் விஷயத்தில் வருஷக்கணக்காக நகராத காரியம், எழுத்து விஷயத்தில் பறந்தது. கிரேன் வந்தது, கான்கிரீட் போட்டார்கள், விளக்குக் கட்டினார்கள்.

திறப்பு விழாவுக்கு நான் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கல்லுமேட்டுப் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் எழுத்துக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் போனேன். பிள்ளைகளை நம்பி அவர்களிடம் விட எனக்கு மனமில்லை. ரேவதி காட்டு வேலைக்குப் போயிருந்ததால் யாழினி பவியையும் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

நீரூற்று பீச்சியடித்துக்கொண்டிருந்தது. பச்சை, சிவப்பு, நீலம் என்று மாறி மாறி. மல்லிகா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள். வாக்கெடுப்புக்கு அப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஜாக்கெட் தைக்கவும் அவள் வரவில்லை.

"அக்கா, இந்த பவுண்டனுக்கு எங்கருந்து லைன் இழுத்திருக்காங்க தெரியுமா? எங்க தெருக் கொழாயில இருந்துதாங்க்கா. நேத்து ராத்திரி இழுத்துட்டாங்க. காலையில எங்க தெருவுல சொட்டுத் தண்ணி வரல." அவள் நீரூற்றைத் திரும்பிப் பார்த்தாள். "கையத் தூக்கினேனே நானு."

அவளைத் திட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. திட்டிக்கொள்ள அவளுக்கு அவளே போதும்.

"அடுத்த கூட்டத்துல தண்ணி கூட்டிக் கேக்கற தீர்மானத்துக்கு ரெண்டு பேருமா எழுதிக் குடுக்கலாம் வா" என்றேன். தலையாட்டினாள். நாங்கள் எழுதிக் கொடுத்தோம். அது இன்னும் அஜெண்டாவில் ஏறவில்லை, ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அன்றைக்கு அதற்குள் போட்டோக்காரர் பிள்ளைகளை வரிசைப்படுத்திவிட்டார். உயரமானதுகள் பின்னால், குட்டிகள் முன்னால். சேர்மன் நடுவில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"எல்லாரும் நல்லா சிரிங்க!" என்றார் போட்டோக்காரர்.

முன்வரிசை சிரித்தது. பின்வரிசை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. ஒரு பிள்ளைகூட விதிவிலக்கு இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"என்னா இந்தப் புள்ளைங்க, உர்ருன்னு நிக்குதுங்க?" என்று சேர்மன் திரும்பிப் பார்த்தார். "பல்லக் காட்டுங்க கண்ணு, பல்லக் காட்டுங்க!"

அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து இழுத்து அந்த நீரூற்றில் தள்ளிவிட வேண்டும் என்று என் கை பரபரத்தது. மல்லிகா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பவி மட்டும் திரும்பித் திரும்பி அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா சிரிக்காதபோது தான் சிரிக்கலாமா என்று அதற்குத் தெரியவில்லை. யாழினி பின்வரிசையிலிருந்து குனிந்தாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், எனக்கு நன்றாகக் கேட்டது.

"நீ சிரிச்சிக்கோ பவி. உனக்கு இன்னும் பால்பல்லுதான். பெரிய பல்லு வந்துட்டா அப்புறம் சிரிக்க முடியாது, இப்பவே நல்லா சிரிச்சிக்கோ."

பவி வாய் நிறையச் சிரித்தது. "சூப்பர்" என்றார் போட்டோக்காரர்.